ஆம்பியும் சிதலும்

பெரும்பாணாற்றுப்படையில் ஆய்மகளின் தயிர்க்கட்டிக்கு உவமையாக வருவது ஆம்பியின் வெண்ணிற மொட்டு. புறநானூற்றின் 164-ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையைச் சொல்லும்போது, சமையலையே மறந்துவிட்ட அடுப்பில் அதே ஆம்பி பூத்துக் கிடக்கிறது. சிறுபாணாற்றுப்படை இன்னும் ஒரு படி நுட்பமாகப் பார்க்கிறது. பாணனின் பழைய வீட்டுச் சுவரைக் கூட்டமான சிதல் அரிக்கிறது. அது உதிர்த்த புழுதியில் காளாம்பி முளைக்கிறது. சிதல் என்பது கறையான்.

கறையானையும் காளானையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்ன நத்தத்தனார், பசித்த அந்த வீட்டாருக்குக் காளானை உணவாக்கவில்லை. அவர்கள் குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி உப்பின்றி வேகவைக்கிறார்கள். இது பாழின் குறியீடு மட்டுமே எனலாம். ஆயினும் சுவரோரம் முளைத்ததைத் தொடாமல் விட்ட அந்த எச்சரிக்கை, உண்மையான ஒரு வீட்டைப் பார்த்து எழுதியதுபோல எனக்குத் தோன்றுகிறது.

இந்த உறவை ஐரோப்பிய அறிவுலகுக்கு எடுத்துச் சென்ற முதல் எழுத்தும் தமிழ் மண்ணிலிருந்தே சென்றது. லின்னேயசின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். கறையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779-இல் பெர்லினில் அச்சானது. புற்றின் உள்ளே பூஞ்சை வளர்வதை அதில் அவர் பதிவு செய்தார். இக்காளான்களுக்கு டெர்மிட்டோமைசிஸ் என்ற தனிப் பேரினத்தை ரோஜே ஹைம் வகுத்தது 1942-இல்தான். நம் நிலத்தின் வெண்ணிறப் புற்றுக்காளான்களுள் ஒன்றுக்கு 1979-இல் ஹைமின் பெயரைச் சூட்டி விவரித்தவர் தாவரவியலாளர் கே. நடராஜன்.

கறையான், தான் மென்ற மரத்தூளைத் தேனடை போன்ற அடுக்குகளாக்கி, அதில் பூஞ்சையை விதைத்து உண்கிறது. சுமார் மூன்று கோடி ஆண்டுகளாக நடந்துவரும் வேளாண்மை அது. மழைக்குப் பின் அந்த அடுக்கிலிருந்து ஒரு நீண்ட வேர்போன்ற தண்டு மண்ணைத் துளைத்து மேலெழுகிறது. துளைப்பதற்கென்றே குடையின் நடுவில் கூர்மையான, சற்றே கருத்த முனை ஒன்று இருக்கும். விரிந்த குடையை ஒரு தாளில் கவிழ்த்து இரவு முழுவதும் வைத்தால் உதிரும் வித்துத்தூள் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். மீன்குழம்பின் மணத்தோடு போட்டியிடும் சுவை இதற்கு உண்டு என்பது என் சொந்தத் தீர்ப்பு.

ஆபத்து, வெண்மை என்ற ஒற்றை அடையாளத்தை நம்புவதில் இருக்கிறது. புல்வெளிகளிலும் எருவிட்ட நிலங்களிலும் மழைக்காலத்தில் தட்டுத்தட்டாக விரியும் குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ், குடைமேல் பழுப்புச் செதில்கள் தவிர வெள்ளைவெளேர் என்றிருக்கும். இளமையில் அதன் செவுள்களும் வெண்மையே. முதிர்ந்தபின்தான் பச்சை படரும். வித்துத்தூளும் பச்சை. 1818-இல் தென்னமெரிக்காவின் கயானா பகுதியிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட இது இன்று இந்தியாவிலும் பரவலாக உள்ளது. உண்டால் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியும் பேதியும் தொடங்கும்.

அமானிட்டா இனத்தின் வெள்ளைக் காளான்கள் சில இன்னும் கொடியவை. இவற்றின் வித்துத்தூள் வெண்மை. தண்டின் மேல் வளையம், அடியில் முட்டையோடு உடைந்ததுபோல ஒரு கிண்ணம். புற்றுக்காளானை அறிய அதன் வேரும், அமானிட்டாவை அறிய அதன் கிண்ணமும் வேண்டும். இரண்டும் மண்ணுக்குள் இருப்பவை. கத்தியால் அறுத்தெடுப்பவருக்கு இரண்டுமே கிட்டுவதில்லை.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூச்சி தின்றிருந்தால் நல்லது என்னும் சோதனைகள் பல நாடுகளில் வழங்குகின்றன, எல்லாம் பொய். நத்தைகள் இந்த நஞ்சைத் தின்று நலமாகவே திரியும். அமானிட்டின் நஞ்சைக் கொதிநீர் சிதைப்பதில்லை. அது உயிரணுக்களில் புரத ஆக்கத்தின் முதற்படியையே முடக்குகிறது. பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குமேல் எந்த அறிகுறியும் இராது. பிறகு வாந்தியும் பேதியும்; இரண்டாம் நாள் எல்லாம் தணிந்து, நோயாளி தேறிவிட்டதாக வீட்டார் நம்பும் பொழுதில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும்.