மூக்கணாங்கயிற்றிலிருந்து ஸ்டியரிங் பெட்டி வரை

மாட்டுவண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டே சக்கரம். கயிற்றை ஒரு பக்கம் சுண்டினால் மாடு திரும்பும். மாட்டோடு நுகமும் நுகத்தோடு வண்டியும் திரும்பிவிடும். திருமங்கலத்தில் கிளம்பி ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை எனப் போய், ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிக் கொல்லத்தில் இறங்கும் சாலையில், மோட்டார் வரும்வரை இந்த ஏற்பாடே போதுமானதாக இருந்தது.

நான்கு சக்கரம் வந்ததும்தான் சிக்கல். வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடுகிறது. இரண்டையும் ஒரே அளவு திருப்பினால் ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டே போகும். மியூனிக்கில் கோச்சு வண்டி கட்டிய லாங்கென்ஸ்பெர்கர் 1817-இல் இதற்கு வழி கண்டார். முன் அச்சை அப்படியே அசையாமல் விட்டுவிட்டு, இரண்டு முனைகளிலும் சக்கரங்களைத் தனித்தனி முளையில் திருப்பினார். லண்டனில் அவருக்காக 1818-இல் காப்புரிமை வாங்கியவர் ஆக்கர்மன். பெயர் என்னவோ வாங்கிக் கொடுத்தவருக்கே நிலைத்தது; இன்றும் பாடப்புத்தகங்களில் அது ‘ஆக்கர்மன் ஸ்டியரிங்’தான். கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரம் இருந்ததற்கும் இந்தச் சிக்கலே காரணம். 1893-இல் தமக்கென ஒரு தீர்வு கண்டபின்தான் அவர் நான்காவது சக்கரத்தைத் துணிந்து மாட்டினார்.

ஆரம்பத்தில் வண்டியைத் திருப்பப் படகுக்கு இருப்பதுபோல் ஒரு கைப்பிடிதான் இருந்தது. 1894-இல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த ஓட்டத்தில் வாஷெரோன் தம் பன்ஹார்ட் வண்டியில் வட்டச் சக்கரத்தைப் பொருத்தினார். வண்டி கனக்கக் கனக்க, கையின் பலத்தைப் பெருக்கிக் கொடுக்க இடையில் பல் கோர்வை தேவைப்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் ஸ்டியரிங் பெட்டி. உள்ளே திருகுபோல் ஒரு புழு. அதில் பற்றிக்கொண்டு நகரும் உருளையோ முளையோ நட்டோ. அந்த அசைவு டிராப் ஆர்ம் என்ற நெம்புகோலுக்குப் போய், அங்கிருந்து தண்டுகள் வழியாகச் சக்கரத்துக்குச் சேரும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. இந்தப் பெட்டியைப் பெரும்பாலும் கார் கம்பெனிகள் செய்யவில்லை. பர்மிங்ஹாமில் பர்மன், டெட்ராய்ட்டில் ஜெம்மர், இந்தியானாவின் லஃபயெட்டில் ராஸ் என்று இதற்கென்றே தனிக் கம்பெனிகள் இருந்தன. ஒரே வகைப் பெட்டி நாலைந்து கம்பெனி வண்டிகளில் இருக்கும். ஆகவே ‘இது என்ன கார்’ என்று கேட்பவரைவிட, குனிந்து பெட்டியின் வார்ப்பில் உள்ள பெயரைத் துடைத்துப் படிப்பவரை நம்பலாம்.

தமிழ்நாட்டில் இந்த அறிவு முதலில் ஏஜெண்டுகளிடம் இருந்தது. சென்னையில் கோச்சு வண்டி கட்டிய சிம்சன் கம்பெனி 1903-லேயே ஒரு நீராவிக் காரைச் செய்து ஓட்டிக் காட்டியது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் மதுரையை மையமாக வைத்து மோட்டார் தொழிலைத் தொடங்கினார். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1920-களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்து உதிரிகளாகக் கொண்டுவந்த கார்களைப் பூட்டி விற்றன. சென்னையில் ரானே 1929-இல் வியாபார நிறுவனமாகத் தொடங்கியது. அந்த நாளில் நிபுணர் என்றால் பாகங்களின் எண் அச்சிட்ட கேட்டலாக்கைக் கையில் வைத்திருப்பவர். தேய்ந்தால் எண்ணைச் சொல்லி எழுதினால் போதும், கப்பலில் சாமான் வந்துவிடும்.

அந்தக் கப்பல் 1950-களில் நின்றது. 1953-இல் சுங்கவரிக் கமிஷனின் அறிக்கையை ஒட்டி, இங்கேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டமில்லாத பூட்டல் கம்பெனிகள் வெளியேற வேண்டும் என்றது அரசு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. ஆனால் அவை விற்ற வண்டிகளும், போர் முடிந்து ஏலத்துக்கு வந்த ஜீப்புகளும் சாலையில் ஓடிக்கொண்டுதானே இருந்தன? அவற்றுக்குக் கை கொடுத்தது லேத்து. கன்மெட்டலில் புஷ் கடைந்தார்கள், சக்கரம் திரும்பும் முளையான கிங் பின்னைப் புதிதாகச் செய்தார்கள், ஷிம் என்ற மெல்லிய தகட்டை வெட்டி வைத்தார்கள். அதே கொள்கைதான் பெரிய ஆலைகளையும் எழுப்பியது. சாமான் விற்ற ரானே, 1960 வாக்கில் ஸ்டியரிங் தண்டின் முனை மூட்டான டை ராட் எண்டை உள்நாட்டிலேயே செய்யும் கம்பெனியாக மாறியது. ஒரே தடையிலிருந்து ஆலையும் தெருமுனைப் பட்டறையும் வளர்ந்தன. ஆலையின் வரலாறு அச்சில் இருக்கிறது; பட்டறையின் வரலாற்றை யாரும் எழுதி வைக்கவில்லை.

அப்புறம் அம்பாசிடர் வந்தது. 1957-இல் வந்து 2014 வரை உற்பத்தியில் இருந்த அந்த வண்டிக்குப் பெட்டியே கிடையாது. பல் வைத்த தண்டும் சிறு பற்சக்கரமும் சேர்ந்த ரேக் அண்ட் பினியன்தான். ஆயுள் முழுக்க அம்பாசிடரையே பிரித்து மாட்டிய கைக்கு 1930-களின் புழுப் பெட்டி புதிராக இருப்பதில் வியப்பில்லை. லாரியோ கிங் பின்னையும் பெட்டியையும் விடவே இல்லை. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிப்போகும் லாரிகளின் முன் அச்சு இன்றைக்கும் அந்தப் பழைய குடும்பத்தைச் சேர்ந்ததே. எனவே தென்காசிப் பக்கம் 1938 மாடல் ஒன்றுக்கு ஸ்டியரிங் பார்க்க ஆள் தேடுபவர், பளபளக்கும் கார் சர்வீஸ் நிலையத்தைவிட லாரிப் பட்டறைக்கு முதலில் போவது புத்திசாலித்தனம்.

தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பது ‘ஸ்டியரிங்கில் ஆட்டம்’ என்ற ஒரே புகாரில் வெளிச்சமாகும். பெட்டிமேல் உள்ள சரிசெய்யும் திருகை உடனே முறுக்குபவரிடம் வண்டியைக் கொடுக்கக் கூடாது. வண்டி நேராகப் போகும் நேரமே அதிகம் என்பதால் புழு நடுவில்தான் தேய்ந்திருக்கும். நடுவில் ஆட்டம் போகும்வரை முறுக்கினால், தேயாத ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். குற்றாலம் போகிற வழியில் முழு வளைவில் அப்படிப் பிடித்தால் கதை வேறு. பெட்டியில் கெட்டியான கியர் ஆயில் ஊற்றுவதற்குப் பதில், கசிவை மறைக்கக் கிரீஸை அடைத்துவிடுவது இன்னொரு பாவம். புழு கிரீஸை ஒதுக்கித் தள்ளிவிட்டு வறட்சியாகவே ஓடும். டிராப் ஆர்மைச் சுத்தியலால் அடித்துக் கழற்றுவதும், விரிசல் விட்டால் வெல்டிங் வைப்பதும் ஒருபோதும் கூடாது. காய்ச்சி அடித்த இரும்பு சூட்டில் தன் குணத்தை இழந்துவிடும்.

கோவை அவிநாசி சாலையில் 2015-இல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகத்தில் பழைய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. 2021-இல் வந்த மத்திய விதி, 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துள்ள தனி எண்ணைக் கொடுத்தது. சேசிஸையும் பாடியையும் எஞ்சினையும் மாற்றக் கூடாது என்கிறது அந்த விதி. கண்காட்சிக்கு ஓட்டிப் போகலாம், தினமும் ஓட்டக் கூடாது. ஓட்டிப் போகிற அந்த ஒரு நாளுக்கும் ஸ்டியரிங் பார்த்தாக வேண்டும்.

பார்க்கும் முறை பழையதுதான். சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்க, ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு விரல்கடை அளவு இடமும் வலமுமாக அசைப்பார். இன்னொருவர் வண்டிக்கடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்ப்பார். டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராட் எண்டு, கடைசியில் கிங் பின். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிற மூட்டு கையில் தட்டுப்பட்டதும், கீழேயிருந்து ‘நிறுத்து’ என்று குரல் வரும்.