கார்ட்டூனுக்குப் பாட்டு வந்த வழி

கார்ட்டூன் இசைப்படத்தில் பாட்டு முந்தி, படம் பிந்தி. பாடலைப் பதிவு செய்து, அதன் தாளத்தை நொடிக்கணக்கில் பிரித்த பிறகே ஓவியர்கள் பென்சிலை எடுக்கிறார்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் அரை நொடிக்கு ஒரு தட்டு. நொடிக்கு 24 படம் ஓடுவதால், 12 படத்துக்கு ஒருமுறை பாத்திரத்தின் கால் தரையில் பட வேண்டும். 1928-இல் டிஸ்னியின் ‘ஸ்டீம்போட் வில்லி’ உருவானபோது வில்ஃப்ரெட் ஜாக்சன் மெட்ரோனோம் என்ற தாளக்கருவியை வைத்துப் போட்ட கணக்கிலிருந்து இந்தத் தொழில் வளர்ந்தது. 1937-இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ அதை முழுநீளப் படமாக்கியது. ஃபிராங்க் சர்ச்சில் மெட்டமைத்த அதன் பாடல்கள் மறு ஆண்டே இசைத்தட்டாக விற்பனைக்கு வந்தன.

பாட்டை முதலில் பதிவு செய்து, அதற்கேற்ப வாயசைத்துப் படம்பிடிப்பது தமிழ் சினிமாவுக்குப் பழகிய வழக்கம். அப்படியிருந்தும் கார்ட்டூன் இசைப்படம் தமிழில் தனி வகையாக வேரூன்றவில்லை. செலவுதான் தடை. நான்கு நிமிடப் பாட்டு ஒன்றுக்கு 5,760 படச்சட்டங்கள் வேண்டும். ஒரே ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு வைத்துச் சிக்கனம் பிடித்தாலும் 2,880 ஓவியங்கள். அதே பாட்டை ஊட்டியில் நடிகர்களை வைத்து எடுத்துவிட்டால் சில நாளில் வேலை முடிந்துவிடும்.

ஆகவே கார்ட்டூன் தமிழ்ப் படத்துக்குள் விருந்தாளியாகத்தான் நுழைந்தது. 1989-இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘ராஜா சின்ன ரோஜா’வில், ரஜினிகாந்தும் குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு சேர்ந்து ஆடும் பாட்டு இடம்பெற்றது. இசை சந்திரபோஸ், அனிமேஷன் மும்பையைச் சேர்ந்த ராம் மோகன். பாத்திரம் இன்னும் வரையப்படாத நிலையில், வெற்றிடத்தைப் பார்த்தபடி நடிகர் ஆட வேண்டியிருந்தது. அந்த இடைவெளி திரையில் தெரியாமல் மறைத்ததில் பாட்டின் தாளத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அடுத்த முயற்சிகள் கணினிக் காலத்தில் வந்தன. 2007-இல் இளையராஜா இசையில் ‘இனிமே நாங்கதான்’ வெளியானது. 2014 மே 23 அன்று ஏ.ஆர். ரகுமான் இசையில், நடிகர் அசைவைப் பதிவு செய்து உருவாக்கிய ‘கோச்சடையான்’ வந்தது. இரண்டிலும் இசை பேசப்பட்ட அளவுக்குப் படம் பேசப்படவில்லை.

மலேசியாவில் கதை வேறு திசையில் போனது. அங்கே கார்ட்டூனைத் தொடங்கி வைத்தது அரசின் படப்பிரிவான ஃபிலெம் நெகாரா. 1983-இல் ஒளிபரப்பான ‘ஹிகாயாட் சாங் காஞ்சில்’ என்ற சருகுமான் கதையை உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். மலேசிய அனிமேஷனின் முதல் பெயர்களில் ஒன்று இந்தியர் பெயராக இருப்பது அதிகம் பேசப்படாத செய்தி. 2007-இல் தொடங்கிய ‘உப்பின் இப்பின்’ கார்ட்டூன் தொடரின் கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) ராஜு, அங்கிள் முத்து என்ற இந்தியப் பாத்திரங்களும் குடியிருக்கிறார்கள்.

பினாங்குத் தீவின் தென்கிழக்கில் உள்ள பாயான் லெப்பாஸ் போன்ற ஊரில் கார்ட்டூன் பாட்டுகள் பல மொழிகளில் கலந்தே காதில் விழுகின்றன. 1972-இல் இங்கே தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கி இன்டெல் முதலான நிறுவனங்கள் வந்த பின், வேலை தேடிப் பல இனக் குடும்பங்கள் குடியேறின. சுங்கை ஆரா தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழோடு மலாயும் ஆங்கிலமும் பாடம். வீட்டில் ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சியில் சுட்டி டிவி ஓடியது. அதில் டோரா தமிழில் பேசினாள், அவளுடைய வரைபடமும் முதுகுப் பையும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள ஆளுக்கொரு பாட்டு வைத்திருந்தன. 2014 தொடக்கத்தில் ‘ஃப்ரோசன்’ படத்தின் புகழ்பெற்ற பாட்டை டிஸ்னி 25 மொழிகளில் இணைத்து வெளியிட்டபோது மர்ஷா மிலான் பாடிய மலாய்க் குரல் அதில் இருந்தது, இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பாட்டை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் பாடித் திரிந்தார்கள்.

மொழிமாற்றுப் பாட்டில் மெட்டையும் வாத்திய இசையையும் தொட முடியாது. சொல்லை மட்டும் மாற்றலாம். ஆங்கிலத்தில் ஓரசைச் சொல் உட்காரும் சுரத்தில், விகுதியும் வேற்றுமை உருபும் சேர்ந்த தமிழ்ச் சொல் நாலசையாக வந்து முட்டும். நீட்டிப் பாடும் இடம் அதைவிடக் கடினம். ‘காற்று’, ‘நேற்று’ என்று குற்றியலுகரத்தில் முடியும் சொல்லை அங்கே வைத்தால் அது ‘காற்றூ’ என்று இளிக்கும். ஆ, ஏ, ஓ என்று வாய் திறக்கும் நெடிலே அங்கே நிற்கும். திரையில் முகம் அருகில் தெரியும்போது, உதடு ஒட்டும் கணத்தில் பகரமோ மகரமோ வந்தால் நல்லது. இத்தனைக்கும் பிறகு பொருளும் இருக்க வேண்டும், குழந்தைக்குப் புரியவும் வேண்டும். சினிமாப் பாட்டில் மெட்டுக்கு எழுதிப் பழகிய கவிஞருக்கே இது கைவரும்.

2019-இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் தமிழில் பெரிய குரல்களை இறக்கியது. ‘தி லயன் கிங்’ மறுவாக்கத்தில் சித்தார்த் சிம்பாவுக்கும் அரவிந்த்சாமி ஸ்காருக்கும் பேசினார்கள். நவம்பரில் வந்த ‘ஃப்ரோசன் 2’ தமிழ்ப் பதிப்பில் அன்னாவுக்குத் திவ்யதர்ஷினி பேசினார், எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன். பேசும் குரல் ஒருவருடையது, பாடும் குரல் வேறொருவருடையது என்பது தமிழ்த் திரையின் நெடுநாள் ஏற்பாடு. எல்சாவுக்கு இரண்டையும் ஸ்ருதியே செய்தார்.