தூரிகையற்ற மின்னோடிப் பந்தயப் பக்கி

தூரிகையற்ற மின்னோடிப் பந்தயப் பக்கி என்பது மண்தரையில் பந்தயம் ஓட்டுவதற்கென அமைக்கப்படும் சிறிய தொலைக்கட்டுப்பாட்டு வண்டி ஆகும். உண்மையான வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவுடைய 1/10 வகை இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 1.5 கிலோகிராம். இவ்வகை மின்னோடி தரும் திறன், டயரும் தரையும் தாங்கக்கூடியதைவிடப் பெரும்பாலும் மிகுதியாக இருக்கும். ஆகவே பக்கியை அமைத்தல் என்பது பெரும்பகுதி அத்திறனைத் தரைக்கு ஏற்ப அடக்கும் வேலையாகும்.

வரலாறு

ஜப்பானின் டாமியா நிறுவனம் 1979இல் வெளியிட்ட சாண்ட் ஸ்கார்ச்சர், அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஆர்சி10 ஆகியன இத்துறையின் முன்னோடிகள். மின்பக்கிகளுக்கான முதல் உலகப் போட்டி 1985இல் கலிபோர்னியாவின் டெல் மார் நகரில் நடைபெற்றது. அக்காலத்தில் தூரிகை மின்னோடியும் நிக்கல் காட்மியம் மின்கலமும் பயன்பட்டன. 2000களில் தூரிகையற்ற மின்னோடியும் லித்தியம் பாலிமர் மின்கலமும் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

மின்னோடியும் பற்சக்கர விகிதமும்

தூரிகையற்ற மின்னோடியில் காந்தம் சுழலும், கம்பிச் சுருள் நிலையாக இருக்கும். சுருள்களுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்புவது வேகக் கட்டுப்படுத்தியின் வேலை. காந்தத்தின் நிலையை உணரிகள் மூலம் அறியும் வகை, நின்ற நிலையிலிருந்து திக்கலின்றிப் புறப்படும். உணரி இல்லாத வகை, சுழற்சியால் எழும் எதிர்மின்னழுத்தத்தைக் கொண்டே நிலையை அறிவதால் மிகக் குறைந்த வேகத்தில் தடுமாறும். வளைவுகள் மிகுந்த பந்தயத் தடத்திற்கு உணரி வகையே ஏற்றது.

மின்னோடியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் கேவி என்பது கிலோவோல்ட் அன்று. சுமையின்றி ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதையே அது குறிக்கும். 3000 கேவி மின்னோடி 7.4 வோல்ட்டில் நிமிடத்திற்கு 22,200 சுற்றுகள் சுழலும். 76 பல் சக்கரத்துடன் 20 பல் பினியனைப் பூட்டி, வண்டியின் உள்விகிதம் 2.6 எனக் கொண்டால் மொத்த விகிதம் 9.88 ஆகும். 84 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயருக்கு இது மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வேகம் தரும். சுமையேறும்போது இது குறையும்.

பினியனில் பற்களைக் கூட்டினால் உச்ச வேகம் கூடும், மின்னோடியின் வெப்பமும் கூடும். வெளிநாட்டு வழிகாட்டி நூல்களின் விகிதங்களை அப்படியே பின்பற்றுவோர் தவறுவது இவ்விடத்தில்தான். 20 பாகை செல்சியசு வெயிலில் 70 பாகையை எட்டும் மின்னோடி, கடலூரின் மே மாத 38 பாகையில் 90 பாகையை நெருங்கிவிடும். 80 பாகையைக் கடந்தால் காந்தம் வலுவிழக்கவும் சுருள் பழுதாகவும் வாய்ப்புண்டு. எனவே சிறிய பினியனில் தொடங்கி, மூன்று நான்கு நிமிடம் ஓட்டி, அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து, ஒவ்வொரு பல்லாகக் கூட்டுவதே முறை. வேகக் கட்டுப்படுத்தியின் டைமிங்கைக் கூட்டுவதும் வெப்பத்தைக் கூட்டும் என்பதால், இரண்டையும் ஒருசேர மாற்றக் கூடாது.

தரைக்கேற்ற அமைப்பு

தரை மாறினால் அமைப்பும் மாறவேண்டும் என்பதற்குக் கடலூர் மாவட்டமே நல்ல எடுத்துக்காட்டு. கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். ஆயினும் அதற்குள் மூவகைத் தரையைக் காணலாம்.

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையின் மணலில் வண்டி மெதுவாகவே செல்லும். எனினும் மணலின் இழுவையால் மின்னோடி விரைவில் சூடேறும். இங்கு துடுப்பு வடிவப் பின்டயரும் மிகச் சிறிய பினியனும் வேண்டும். உப்புமணல் பேரிங்குகளை அரித்துவிடும் ஆதலால் பந்தய வண்டியைக் கடற்கரையில் ஓட்டாதிருப்பதே நலம்.

கேப்பர் மலைப் பகுதியின் செம்மண்ணை நீர் தெளித்து இறுக்கினால் நல்ல தடம் அமையும். ஆனால் மேலே உதிரிச் சரளை தங்கும். நீண்ட குமிழ்கள் கொண்ட மென்மையான டயர், தளர்ந்த சுருள்வில், 23 முதல் 25 மில்லிமீட்டர் வரையிலான தரை இடைவெளி ஆகியன இதற்குப் பொருந்தும். பின்சக்கரங்களை ஒவ்வொன்றும் 3 பாகை உள்நோக்கித் திருப்பி வைத்தால் வால் வீசுவது குறையும்.

சிதம்பரம் கொள்ளிடக் கழிமுகத்தின் களிமண் பகுதி. ஈரத்தில் இது டயரோடு ஒட்டி எடையேற்றும்; கோடையில் வெடித்துப் பிளக்கும். நன்கு இறுகிய களித்தடம் பிடிப்பு மிகுந்தது. அதனால் வளைவில் வண்டி கவிழும் இடர் உண்டு. வண்டியைச் சற்றுத் தாழ்த்தி, கடினமான சுருள்வில்லும் குட்டைக் குமிழ் டயரும் இடவேண்டும்.

அதிர்வேற்பிகளில் ஊற்றும் சிலிக்கான் எண்ணெய் வெயிலில் இளகும். காலையில் சரியாக இருந்த வண்டி நண்பகலில் துள்ளினால், ஒரு படி தடித்த எண்ணெய்க்கு மாறவேண்டும். சிலிப்பர் கிளட்சைப் புறப்பாட்டின்போது ஓரிரு அடி தூரம் வழுக்கும்படி அமைப்பது வழக்கம். மிக இறுக்கினால் பற்சக்கரம் உடையும்; மிகத் தளர்த்தினால் கிளட்சு தீய்ந்துவிடும்.

மின்கலப் பாதுகாப்பு

இரு அறை லித்தியம் பாலிமர் மின்கலத்தின் முழு மின்னழுத்தம் 8.4 வோல்ட். அறை ஒன்றுக்கு 3.2 வோல்ட் அளவில் வேகக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை நிறுத்தும்படி அமைக்கவேண்டும். 5000 மில்லி ஆம்பியர் மணி மின்கலத்தை 5 ஆம்பியரில், அறைகளைச் சமன்செய்யும் மின்னேற்றி கொண்டே ஏற்றவேண்டும். உப்பிய மின்கலத்தை மீண்டும் ஏற்றுவது தீ விபத்தில் முடியலாம். மின்னேற்றும்போது ஒருவர் உடனிருப்பதும், அருகில் ஒரு வாளி உலர்மணல் வைப்பதும் இன்றியமையாதன. பயன்படுத்தாத நாட்களில் அறை ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்தல் வேண்டும். வெயிலில் நிறுத்திய மகிழுந்தினுள் விட்டுச் செல்லக் கூடாது.

வானொலி அலைவரிசை

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த திறன் கருவிகளுக்கு 2005 ஜனவரியில் வெளியான அரசாணை உரிம விலக்கு அளித்தது. இன்றைய பக்கிகளின் செலுத்திகள் இப்பட்டையிலேயே இயங்குகின்றன. தடத்தில் இறக்கும் முன், சக்கரங்களைத் தரையினின்று உயர்த்தி வைத்துச் செலுத்தியை அணைத்துப் பார்க்கவேண்டும். மின்னோடி உடனே நிற்காவிடில் ஏற்பியின் பாதுகாப்பு நிலை சரியாக அமைக்கப்படவில்லை என்று பொருள். கட்டுப்பாடிழந்த 1.5 கிலோகிராம் வண்டி, தடத்தருகே நிற்பவரின் காலை முறிக்கவும் கூடும்.