கடிவாளமும் மலைநாடும்

கண்டிமாநகரின் தென்கிழக்கே, மலைமேல் மலையாக எழுந்து நிற்கும் நிலப்பரப்பு ஹேவாஹெட்ட என்பது. ஹேவா எனின் சிங்களத்திற் போர்வீரன் என்றும், ஹெட்ட எனின் அறுபது என்றும் பொருள் கூறுவர். வீரர் பெயரைத் தாங்கிய இம்மலைகளில் மனிதர் இருந்தனர், யானைகள் இருந்தன. குதிரை மட்டும் இந்நாட்டு விலங்கன்று. அது கடல் கடந்து கப்பலில் வந்தது. துறைமுகத்திலிருந்து ஒற்றையடிப் பாதை வழியே மலையேறியது. ஆகவே கண்டி மன்னர்க்குக் குதிரை அரிய செல்வமாயிற்று. அரச குதிரை லாயத்திற்கெனத் தனி அதிகாரியும் இருந்தான்.

இரண்டாம் இராசசிங்க மன்னன் 1635 முதல் 1687 வரை கண்டியை ஆண்டவன். அவன் ஒரு போர்த்துக்கேய வணிகனுக்கு யானையொன்றைப் பரிசளித்தான். கொழும்பிலிருந்த போர்த்துக்கேயத் தளபதி தியோகு டி மெல்லோ அந்த யானையைத் தனதாக்கிக்கொண்டான். பின்னர் அவன் விற்பனைக்காகக் கண்டிக்கு அனுப்பிய இரு நல்ல குதிரைகளை மன்னன் பிடித்து வைத்து, யானை வந்தாலன்றிக் குதிரை வாராது என்றான். இவ்வாறே வரலாற்றாசிரியர் கூறுவர். பகைக்கு வேறு ஆழ்ந்த காரணங்கள் இருந்தன. எனினும் தளபதியின் சினத்திற்கு இது நெய் வார்த்தது. அவன் படையெடுத்து வந்து, மக்கள் வெளியேறியிருந்த கண்டி நகரைக் கொளுத்தினான். திரும்பும் வழியில், 1638 மார்ச் 28ஆம் நாள், கன்னொறுவையில் அவனும் அவன் படையும் அழிந்தனர்.

அக்காலப் போர்த்துக்கேயர் குதிரையேற்றத்தை அரிய கலையாகப் போற்றியவர்கள். போர்த்துக்கல் மன்னன் துவார்த்தே, பதினைந்தாம் நூற்றாண்டிலேயே குதிரையேற்றம் பற்றி நூல் எழுதியவன். வட ஆபிரிக்க முஸ்லிம் வீரரிடமிருந்து ஐபீரிய நாட்டவர் கற்ற ஒரு முறையும் அவர்களிடையே வழங்கியது. குறுகிய அங்கவடியில் கால் ஊன்றி, ஒரு கையில் வாரும் மறுகையில் ஈட்டியுமாகச் செல்லும் முறை அது. ஸ்பானியர் வழியே அம்மரபு மெக்சிக்கோவுக்கும் கலிபோர்னியாவுக்கும் சென்று, மாடு மேய்ப்போர் கைப்பட்டு வளர்ந்தது. அமெரிக்க மேற்குப் பாணிக் குதிரையேற்றம் என உலகம் இன்று அறிவதற்கு அதுவே ஒரு மூலம்.

அக்கலையின் உயிர் இருப்பது குறிப்பறிதலில். கலிபோர்னிய மரபிலே, இளங்குதிரையின் வாயில் முதலில் இரும்புக் கடிவாளம் இடப்படுவதில்லை. மூக்கின்மேற் படியும் தோல் வாராற் பயிற்சி தொடங்கும். கடிவாளம் மெல்ல மெல்லப் பின்னர் வரும். இதற்கு ஆண்டுகள் செல்லும். பழகிய குதிரைக்கு வாரை இழுக்க வேண்டுவதில்லை. கழுத்தின் வலப்புறத்தில் வார் படிந்தால் இடப்புறம் திரும்பும். இடப்புறம் படிந்தால் வலப்புறம் திரும்பும். ஏறியிருப்பவன் உடலின் சாய்வும் காலின் தொடுகையும் முன்னே பேசும். கை இறுதியிற் பேசும். குதிரை இணங்கிய அக்கணமே அழுத்தம் நீங்கவேண்டும். குதிரை பாடம் கற்பது அழுத்தத்தினால் அன்று, அது நீங்குவதினாலேயே.

தலையின் நிலையும் இவ்வாறே. குதிரை கழுத்தை வளைத்து முகத்தைத் தாழ்த்தி நிற்பது அழகு என்று கண்டவன், வாரை இழுத்து அவ்வழகை வருவிக்க முயல்வான். குதிரையோ வாயைத் திறந்து தலையை உயர்த்தும். அல்லது நோவுக்கு அஞ்சி முகவாயை மார்போடு ஒடுக்கும். ஒடுக்கிய தலையுடன் அது முன்னுள்ள பாதையைச் செவ்வனே காணாது. பின்கால்கள் உடலின் கீழ் வந்து பாரம் தாங்க, முதுகு எழ, கழுத்துத் தளரும்போதே தலை தன் நிலையைத் தானே அடையும். அது காரணமன்று, விளைவு.

இந்நீதி யானைக்கும் பொருந்தும் என்பதைக் கண்டிப் பாகர் அறிவர். பாகனின் பாதம் காதின்பின் இடும் சிறு குறிப்பும், ஒரு சொல்லும் போதும். அங்குசம் இறுதியில் வருவது. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1855இல் வெளிவந்த தம் நூலில் ஒரு துயரத்தை எழுதியுள்ளார். அவருடைய ஆங்கிலேயக் குதிரைக்காரன் இறம்பொடைக் கணவாயில் வண்டியைப் பள்ளத்திற் கவிழ்த்தான். அதனை மீட்க ஒரு சிறந்த யானை அனுப்பப்பட்டது. அவன் அதனைப் பாகரிடம் விடாது, தானே ஏறி, அங்குசத்தாற் குத்தி, மலைவழியே விரைந்து ஓட்டினான். யானை மாண்டது. விலங்கின் பேச்சை அறியாதவன் கையிற் கருவி இருந்ததே அதற்குக் கேடாயிற்று.

குதிரைக்காகப் பிணங்கிய மன்னனின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. இராசசிங்கன் தன் குடிகள்மேற் கடிவாளத்தை இறுக்கியவன் என்பதைச் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் விரிவாக எழுதியுள்ளார். 1664 டிசம்பரில், நில்லம்பை அரண்மனையை நள்ளிரவிலே குடிகள் சூழ்ந்தனர். மன்னன், யானைகளை முன்செலுத்திக் காட்டை உடைத்து வழி செய்து, கால்நடையாய் மலையேறித் தப்பினான். பின்னர் ஹங்குராங்கெத்தவே அவனுக்கு உறைவிடமாயிற்று.

அடுத்து வந்த காலம் தோட்டக்காலம். 1852இல் இலங்கை வந்த ஜேம்ஸ் டெயிலர், 1867இல் ஹேவாஹெட்டவின் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். அக்காலத் துரைமார் மலைப்பாதைகளிற் குதிரைமேற் சென்றனர். குதிரையின் பின்னே வெறுங்காலுடன் ஓடியவன் குதிரைக்காரன். அவ்வேலையிற் பலர் தமிழர். குதிரைக்குத் தீனியிட்டவனும், உடல் தேய்த்தவனும், அதன் அச்சத்தையும் நோவையும் முதலில் அறிந்தவனும் அவனே. துரையின் பெயர் ஏட்டில் நின்றது. அவன் பெயர் பெரும்பாலும் நின்றிலது.

இழுத்துப் பெறும் பணிவு, பிடி தளர்ந்த கணத்தில் நீங்கிவிடும். தளர்த்தும் நேரம் அறிந்து பெறும் இணக்கமே நிலைத்து நிற்கும். கன்னொறுவையில் மாண்ட தளபதியும், நில்லம்பையை விட்டோடிய மன்னனும், இறம்பொடையில் வீழ்ந்த யானையும் நமக்கு உணர்த்துவது இதுவேயாம்.