பொன்னுக்கு வீங்கியும் கணையமும்

நம் வயதுக்காரர்களுக்குப் பொன்னுக்கு வீங்கியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வல்லத்திராக்கோட்டையானாலும் ஆலங்குடியானாலும், பிள்ளைக்குக் காதடியில் வீங்கினால் டாக்டரைத் தேடுவதற்கு முன் தங்கச் சங்கிலியைத்தான் தேடுவார்கள். வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இரவல். ஒரு வாரம், பத்து நாளில் வீக்கம் வடிந்துவிடும். நோய் தானாக வடிந்தது; பெயர் சங்கிலிக்குப் போனது.

இந்த நோய் சிலருக்குக் கன்னத்தோடு நிற்பதில்லை. வயது வந்த ஆண்களுக்கு விதையில் வீக்கம் வரும் என்பது பெரியவர்கள் அறிந்ததே. கணையத்தையும் அது தொடும் என்பது பலருக்குத் தெரியாது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பி. அதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, செரிமானத்துக்கு வேண்டிய நீரைச் சுரப்பது. மற்றொன்று, இரத்தத்தில் சர்க்கரையை அடக்கி வைக்கும் இன்சுலினைச் சுரப்பது. ஜெர்மானியர்கள் கணையத்தை 'வயிற்று உமிழ்நீர்ச் சுரப்பி' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் அமைலேஸ் என்ற நொதி வாயிலும் சுரக்கிறது, கணையத்திலும் சுரக்கிறது. அதனால் பொன்னுக்கு வீங்கி வந்தவருக்கு இரத்தத்தில் அமைலேஸ் கூடியிருந்தால், அது கன்னத்திலிருந்து வந்ததா, கணையத்திலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. லைபேஸ் என்ற இன்னொரு நொதியையும் பார்த்துத்தான் மருத்துவர்கள் முடிவுக்கு வருகிறார்கள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1864-ல் நார்வே நாட்டு மருத்துவர் ஸ்டாங் என்பவர், பொன்னுக்கு வீங்கி வந்து போன ஒருவருக்குச் சர்க்கரை வியாதி வந்ததைப் பதிவு செய்தார். சர்க்கரை வியாதிக்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பே அப்போது உறுதியாகத் தெரியாது. 1889-ல்தான் மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றி, அதற்குச் சர்க்கரை வியாதி வருவதைக் காட்டினார்கள். 1927-ல் அதே நார்வேயில் குண்டர்சென் என்பவர், பொன்னுக்கு வீங்கி பரவிய சில ஆண்டுகளுக்குப் பிறகு இளவயதினரின் நீரிழிவு மரணங்கள் கூடியதைக் கணக்கெடுத்துக் காட்டினார்.

சந்தேகம் வேறொரு வைரஸ் பக்கமும் திரும்பியது. நம் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் காக்ஸாக்கி என்ற சிற்றூரின் பெயரால் ஒரு வைரஸ் அறிவிக்கப்பட்டது. 1979-ல், திடீர் நீரிழிவால் இறந்துபோன 10 வயதுச் சிறுவனின் கணையத்திலிருந்து அந்த இனத்து வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதை எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் சர்க்கரை கூடியது.

இதை வைத்து வைரஸால்தான் சர்க்கரை வியாதி வருகிறது என்று சொல்லிவிட முடியாது. பின்லாந்தில் 1982 முதல் தடுப்பூசி போட்டுப் பொன்னுக்கு வீங்கியை ஒழித்தார்கள். ஆனாலும் குழந்தைகளின் நீரிழிவு அங்கே பிறகும் கூடிக்கொண்டுதான் போனது. பரம்பரை வாகு உள்ளவர்களுக்கு வைரஸ் ஒரு தூண்டுகோலாகலாம் என்பதே இன்றைய கருத்து. நமக்கு ஐம்பது, அறுபது வயதில் வந்து ஒட்டிக்கொண்ட சர்க்கரையின் கதை வேறு.

சான்று வலுவாக இருப்பது ருபெல்லாவில். 1941-ல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் கிரெக், கர்ப்பிணிக்கு வரும் ருபெல்லா வயிற்றுப் பிள்ளையின் கண்ணைக் கெடுப்பதைக் கண்டுபிடித்தார். அப்படிப் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு, அவர்களில் பலருக்கு நீரிழிவு இருப்பது 1971-ல் தெரியவந்தது. தாயின் வயிற்றில் இருந்தபோது பட்ட அடி, இருபது, முப்பது வருடம் கழித்து வெளியே தெரிந்தது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ருபெல்லா ஊசி போட்டது நினைவிருக்கும். வாட்ஸ்அப் வதந்தியைப் படித்துவிட்டு, அந்த நாட்களில் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாதவர்களும் உண்டு. பிள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சல் வருமே என்று தயங்கினோம். நாளை அந்தப் பெண் பிள்ளை தாயாகும்போது அவள் வயிற்றுக் குழந்தையின் கண்ணும் காதும் இதயமும் கணையமும் அந்த ஊசியால் காக்கப்படும் என்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

அந்த ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து கிடையாது. எம்.எம்.ஆர். என்ற ஊசியில்தான் மூன்றும் சேர்ந்திருக்கும். பேரப்பிள்ளைகளுக்கு அது போட்டாயிற்றா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். கன்னம் வீங்கிய பிள்ளை மேல்வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்து, வாந்தியும் எடுத்தால், சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். எந்தக் காய்ச்சலுக்குப் பிறகானாலும் பிள்ளை ஓயாமல் தண்ணீர் கேட்டு, அடிக்கடி சிறுநீர் கழித்து, உடம்பு இளைத்துக்கொண்டே போனால், அன்றைக்கே சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள்.