வெஃகியவர் யார்?

மனத்தை அசைப்பதால் ஆசை. பெரிதாக அசைத்தால் பேராசை. பட்டிமன்ற மேடைகளில் கைதட்டல் வாங்கும் இந்த விளக்கத்துக்குச் சொல்லாய்வில் இடமில்லை. நிகண்டு புரட்டியவர்களுக்குத் தெரியும், ஆசை என்றால் திசையும் ஆகும். வடமொழி ‘ஆசா’வுக்கும் விருப்பம், திசை என்ற இரு பொருளும் உண்டு. ஒட்டாத இரண்டு பொருளையும் சேர்த்தே சுமந்து வந்த சொல் இரவல் சொல்தான். திசை எதை அசைக்கிறது என்று மேடைக்காரர்கள் சொல்லட்டும்.

தமிழ் வைத்திருந்த சொல் வெஃகல். குறளில் அழுக்காறாமையை அடுத்து, 18ஆம் அதிகாரமாக நிற்கிறது வெஃகாமை. பிறருக்கு உரிய பொருளைக் கவர நினைப்பதே வெஃகல் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். தன் பொருளை விடாமல் இறுக்கிப் பிடிப்பதற்கு வேறு சொல்: இவறல். குறளின் குற்றங்கடிதல் அதிகாரத்தில் அதைக் காணலாம். வடமொழி லோபம் பேராசையைக் குறிப்பது. தமிழில் உலோபியானதும் கஞ்சனாகச் சுருங்கிவிட்டது. (கஞ்சி குடித்துக் காசு சேர்த்தவன் கஞ்சன் என்பாரும் உண்டு. இந்திக்காரரின் கஞ்சூஸ் எந்தக் கஞ்சியைக் குடித்தானோ!)

வெஃகல் ‘யாருடையது’ என்று கேட்கும். பேராசை ‘எவ்வளவு’ என்று மட்டுமே கேட்கும்.

அளவோ காலத்துக்குக் காலம் மாறுவது. 1968இல் தமிழ்நாடு அரசே பரிசுச்சீட்டு விற்றது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற முழக்கத்தில் ஆசைக்கு நாட்டுப்பற்றும் துணைசேர்ந்தது. 2003இல் அதற்குத் தடை வந்தது. இதற்கிடையே அதிக வட்டி காட்டிய நிதி நிறுவனங்கள் மூழ்கின. 1997இல் வைப்பீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 2012இல் கொங்குப் பகுதியின் ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் சரிந்தன. இப்படிப்பட்ட சரிவுகளில் எல்லாம் ‘பேராசை பெருநஷ்டம்’ என்ற பழமொழி விழுவது பணத்தைப் பறிகொடுத்தவர் தலையில்தான். தன் காசைப் போட்டவர் பேராசைக்காரர்; அடுத்தவர் காசைச் சுருட்டியவர்மேல் வெறும் மோசடி வழக்கு. வள்ளுவர் கணக்கில் வெஃகியவர் பின்னவரே.

இனி அந்தச் சொல்லின் பிறப்பு. வெஃகு, வெம்மையில் பிறந்தது என்று ஒரு கட்சி. அப்படியானால் வெஃகாமை அதிகாரத்தின் ஆறாம் குறளில் அருளை வெஃகுகிறவன் எப்படி வந்தான்? அங்கே சுடுவது எது? சொல் தன்னளவில் பழியற்றது. மிக விரும்புதல், அவ்வளவே. வேள், வேண்டு, வேட்கை இருக்கும் வீட்டில் பிறந்த பிள்ளையாக அது இருக்கலாம். ஆனால் இடையில் நிற்கும் ஆய்தத்துக்கு விளக்கம் கிடைக்காத வரை அந்த உறவு உறுதியில்லை.