போளின் கதவும் அரண்யாவின் முற்றமும்

கீழே கடை, மேலே வீடு, நடந்து செல்லும் தூரத்தில் தொழில். இதனை இன்றைய நகரமைப்பு வல்லுநர்கள் 'கலப்புப் பயன்பாட்டுக் குடியிருப்பு' என்கின்றனர். மழைநீர்த் தொட்டியும் சூரியத் தகடும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் சேர்ந்துவிட்டால் 'நீடித்த' என்னும் அடைமொழி முன்னால் வந்து நிற்கிறது. மனை விளம்பரங்கள் இதனை நேற்றுப் பிறந்த கருத்துப் போலப் பேசுகின்றன. இந்திய நகரங்களின் வரலாற்றைப் பயில்வோருக்கு இது புதிதன்று. அகமதாபாத்தின் பழைய நகரத்தில் இவை யாவும் பல தலைமுறைக் காலம் நடைமுறையில் இருந்தன. ஆனால் 'முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்' என்று பெருமிதம் கொள்வதற்காக இதனை எழுதவில்லை. அந்தப் பழைய ஏற்பாட்டின் வலிமை எங்கே இருந்ததோ, அதன் அநீதியும் அங்கேயே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைக்கு எதனை எடுத்துக்கொள்வது, எதனை விடுவது என்பது தெளிவாகும்.

போள் என்னும் அமைப்பு

சபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் 1411-இல் சுல்தான் அகமது ஷா நிறுவிய நகரம் அகமதாபாத். அதன் மதில்சூழ்ந்த பகுதி ஏறத்தாழ ஐந்தரைச் சதுர கிலோமீட்டர். பெருந்தெருக்களிலிருந்து பிரிந்து உள்ளே வளைந்து செல்லும் குடியிருப்புத் தெருக்களே போள்கள். நுழைவாயிலைக் குறிக்கும் 'பிரதோலி' என்ற வடசொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கொள்வர். ஒவ்வொரு போளுக்கும் ஒரு பெருங்கதவு உண்டு, இரவில் அது அடைக்கப்படும், காவலர் இருப்பார். மொகலாய ஆட்சி தளர்ந்து மராத்தியர் வந்த பதினெட்டாம் நூற்றாண்டின் குழப்பங்களில் இந்தக் கதவுகளின் தேவை மேலும் கூடியது. மானேக் சௌக் அருகிலுள்ள முகூர்த்தப் போளே முதலில் எழுந்தது என்பது ஊர் மரபு.

வீடுகள் குறுகிய முகப்பும் நீண்ட உடலும் கொண்டவை. இருபுறச் சுவர்களும் அண்டை வீட்டுக்குப் பொதுவானவை. ஆகவே வெயில் படும் சுவர்ப்பரப்பு குறைவு. தெருவும் குறுகலாதலால் ஒரு வீட்டின் நிழல் எதிர்வீட்டின் மீது விழும். நடுவில் வானம் பார்த்த முற்றம். அதற்குச் 'சௌக்' என்று பெயர். வெப்பக் காற்று அதன் வழியே மேலேறி வெளியேறும். முகப்பில் 'ஓட்லோ' என்னும் மேடை, நம் திண்ணையின் உறவு. அங்கே பேச்சும் நடந்தது, வணிகமும் நடந்தது. தரைத்தளத்தில் பட்டறையும் கிடங்கும் கடையும், மேலே குடும்பம். மானேக் சௌக்கில் ஒரே சதுக்கம் பகலில் பொன் வெள்ளி வணிகத்துக்கும் இரவில் உணவுக் கடைகளுக்கும் இன்றும் பயன்படுகிறது. ஒரு துண்டு நிலத்தைப் பொழுதுக்கேற்பப் பகிர்ந்துகொள்வதும் சிக்கனமே.

கட்டுமானம் மரச்சட்டமும் செங்கல்லும் கலந்தது. 2001 ஜனவரி 26-இல் குஜராத்தை நிலநடுக்கம் உலுக்கியபோது அகமதாபாத்தில் 700-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இடிந்து அழிவை விளைத்தவற்றுள் பெரும்பாலானவை வாகன நிறுத்தத்துக்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றித் தூண்களின் மேல் விட்டுக் கட்டிய புதிய அடுக்குமாடிகள். நெகிழ்ந்து கொடுக்கும் மரச்சட்ட வீடுகள் பெரும்பாலும் நின்றன.

நிலத்தடி நீர்த்தொட்டி

போள் வீட்டின் உயிர்நிலை முற்றத்தின் அடியில் இருந்தது. 'டாங்கா' எனப்படும் சுண்ணாம்புச் சாந்து பூசிய தொட்டி அது. கூரையில் விழும் மழை குழாய் வழியே அதனுள் இறங்கும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையைச் சேமிப்பர். கிணற்று நீர் உவர்ப்பாகவும் ஆறு மழைக்காலத்தில் மட்டும் பெருகுவதாகவும் இருந்த ஊரில், குடிப்பதற்கு இதுவே இனிய நீர்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். அகமதாபாத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஐம்பது சதுர மீட்டர் கூரையில் விழுவது 40,000 லிட்டர். நான்கில் ஒரு பங்கு வீணானாலும் 30,000 மிஞ்சும். ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 30 லிட்டர் எடுத்தால் ஆண்டுக்கு 11,000 லிட்டருக்கும் குறைவு. ஒரு மழைக்காலம் பொய்த்தாலும் தாங்கும் அளவு அது.

கணக்கேட்டில் இருந்த வலிமை

சுண்ணாம்பும் மரமும் தம்மைத் தாமே பேணிக்கொள்வதில்லை. கதவைப் பழுதுபார்ப்பவர் யார்? காவலருக்குக் கூலி எங்கிருந்து வரும்? விளக்கெரிக்கும் செலவு யாருடையது? போளின் 'பஞ்ச்', அதாவது பெரியோர் அவை, இதற்கு விடை வைத்திருந்தது. 1879-இல் வெளிவந்த பம்பாய் மாகாணக் கெசட்டியரின் அகமதாபாத் தொகுதி இதனைப் பதிவு செய்கிறது. போளுக்குள் வீடு விற்றாலோ அடகு வைத்தாலோ தொகையில் ஒரு பங்கு பொது நிதிக்குச் செலுத்த வேண்டும். திருமண வேளையிலும் குடும்பங்கள் கட்டணம் தர வேண்டும். அந்நிதியிலிருந்து கதவும் காவலும் விளக்கும் பொதுக் கழிப்பிடமும் பராமரிக்கப்பட்டன.

சொத்து கைமாறும்போதெல்லாம் பராமரிப்பு நிதிக்கு ஒரு துளி சேர்கிறது. சுவர் பொதுவாதலால், ஒருவர் தம் வீட்டைப் பாழடைய விட்டால் அண்டை வீடும் சாயும். போளை நெடுங்காலம் நிற்கச் செய்தது இந்த நிர்ப்பந்தமும் இந்தக் கணக்கேடும்தான் என்பது என் துணிபு. கட்டடக்கலை நூல்கள் முற்றத்தை வரைந்து காட்டும் அளவுக்குக் கணக்கேட்டைப் பேசுவதில்லை.

கதவுக்கு வெளியே நின்றோர்

அதே கெசட்டியர் மற்றொரு வழக்கத்தையும் சொல்கிறது. முற்காலத்தில் போளுக்குள் இருக்கும் வீட்டை வெளியாருக்கு விற்குமுன் போள் மக்களுக்கே முதலில் தர வேண்டும். பெரும்பாலான போள்கள் ஒரே சாதி, ஒரே சமயம், ஒரே தொழில் என்ற அடிப்படையில் அமைந்தவை. கணக்கேட்டை நம்பகமாக்கியதும் இதுவே. உறவுக்காரர்கள் நடுவில் பாக்கி வைப்பது எளிதன்று.

தொழில்கள் கலந்திருந்தன, வாழ்க்கைகள் கலக்கவில்லை. போளின் கழிப்பிடங்களைத் துப்புரவு செய்தோர் அந்தப் போளில் வாழ்ந்தவரல்லர். தீண்டாமையின் பெயரால் ஒதுக்கப்பட்ட அவர்கள் வேலைக்காக உள்ளே வந்து, வேலை முடிந்ததும் வெளியேறினர். 'கழிவு மேலாண்மை' என்று இன்று நாம் சொல்வது அன்று ஒரு சாதியின் கைகளில் சுமத்தப்பட்டிருந்தது. மேலும் வீட்டுக் கழிவுநீர் 'காள்கூவோ' எனப்படும் உறிஞ்சு குழிகளில் இறங்கி மண்ணையும் கிணறுகளையும் கெடுத்தது. கூரைநீரைத் தூய்மையாகக் காத்த ஊரில் நிலத்தடி நீர் நஞ்சாகிக்கொண்டிருந்தது. இதனைச் சொல்லாமல் போளின் 'பசுமை'யை மட்டும் பாடுவது வரலாறாகாது.

இந்தச் சிக்கலை எதிர்கொண்டவர் ரண்சோட்லால் சோட்டாலால். 1861-இல் அகமதாபாத்தின் முதல் வெற்றிகரமான நூற்பாலையை இயக்கியவர். பின்னர் நகராட்சியின் தலைவரானவர். குழாய்நீரும் நிலத்தடிச் சாக்கடையும் வேண்டும் என்று அவர் முனைந்தபோது, வரி உயரும் என்று நகரத்தார் கடுமையாக எதிர்த்தனர். எனினும் 1891-இல் தூதேஷ்வரிலிருந்து குழாய்நீர் வந்தது. பொதுநலனுக்கு அது பெருங்கொடை. கிணற்று நீரால் நோயுற்றோருக்கு உயிர்ப்பிச்சை. ஆனால் குழாய் வந்த பின் டாங்காவைக் கழுவுவோர் தலைமுறை தோறும் குறைந்தனர். நகராட்சி ஏற்றுக்கொண்ட கடமைகளைப் பஞ்ச் மெல்ல மெல்லக் கைவிட்டது. கூட்டுப் பொறுப்பு தளர்ந்தது. சாதி எல்லை மட்டும் தளரவில்லை.

கதவு விதியான கதை

1892-இல் எல்லிஸ் பாலம் எழுந்தபின் வசதி படைத்தோர் ஆற்றைக் கடந்து மேற்கே குடியேறத் தொடங்கினர். இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில் கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் தோன்றின. தனித்தனி பங்களா, சுற்றிலும் தோட்டம், கடைகளிலிருந்து விலகிய தெருக்கள். போளின் நெருக்கமும் கலப்பும் அங்கே இல்லை. போளின் கதவு மட்டும் வேறு வடிவில் வந்து சேர்ந்தது. 1926-இல் பதிவான ஒரு பார்சி கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் துணைவிதி, உறுப்பினர் பார்சியாகவே இருக்க வேண்டும் என்றது. அவ்விதி செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சங்கம் அமைக்கும் உரிமையின் பேரில் அது செல்லும் என 2005-இல் தீர்ப்பாயிற்று. சிறுபான்மையினர் தம் வாழ்விடத்தைக் காக்கும் ஏற்பாடு அது என்று அவ்விதியை ஆதரிப்போர் கூறலாம். அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அதே வாசல் வழியே எந்தப் பெரும்பான்மைச் சமூகமும் நுழைந்து கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம் என்பதையும் மறுக்க இயலாது.

இந்தூரில் ஒரு மாற்று முயற்சி

கலப்பை வைத்துக்கொண்டு கதவை மட்டும் எடுத்துவிட முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களுள் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி முக்கியமானவர். அகமதாபாத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து பணியாற்றிய அவர், தம் வாஸ்து சில்பா நிறுவனத்தின் வழியாக 1980-களில் இந்தூர் வளர்ச்சிக் குழுமத்துக்காக 'அரண்யா' குடியிருப்பைத் திட்டமிட்டார். ஏறத்தாழ 85 ஹெக்டேர். ஏறத்தாழ 6,500 மனைகள். 60,000 பேருக்கான ஊர். மனைகளில் 65 விழுக்காடு பொருளாதாரத்தில் மிக நலிந்தோருக்கு.

திட்டத்துக்கு முன் இந்தூரின் குடிசைப் பகுதிகளை அவருடைய குழுவினர் ஆராய்ந்தனர். வாசற்படியில் தையல் இயந்திரம், மரத்தடியில் கடை, தெருவில் குழந்தை வளர்ப்பு என, வீடும் பிழைப்பும் பிரியாமல் இருந்ததைக் கண்டனர். ஆகவே முழு வீட்டைக் கட்டித் தராமல், நலிந்தோருக்கு 35 சதுர மீட்டர் மனையில் அடித்தளமும் குளியல், கழிப்பிட வசதியும் தந்து, எஞ்சியதைக் குடும்பம் தன் வருவாய்க்கேற்பக் கட்டிக்கொள்ள விட்டனர். ஆறு பகுதிகள், நடுவே கடைகளுக்கான முதுகெலும்பு போன்ற பாதை. இருபது வீடுகளுக்கு ஒரு கழிவுத் தொட்டி. வசதியானோரின் மனைகளை விற்ற வருவாய் ஏழைகளின் மனைச் செலவைத் தாங்கியது. ஓட்லோ, முற்றம், குறுந்தெரு, கடையோடு கூடிய வீடு ஆகிய அனைத்தும் இங்கே உண்டு. பெருங்கதவு மட்டும் இல்லை. பல சமயத்தாரும் பல வருவாய்ப் பிரிவினரும் ஒரே திட்டத்துக்குள் வந்தனர். 1995-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது இதற்குக் கிடைத்தது.

அரண்யாவும் குறையற்றதன்று. முதலில் மனை பெற்ற ஏழைகளுள் பலர் விலை ஏறியதும் விற்றுச் சென்றனர். சாதிக் கதவை எடுத்த இடத்தில் சந்தை வேறொரு கதவை வைத்தது. போளின் பஞ்ச் போன்று, சொத்து கைமாறும்போது பொதுநிதிக்குப் பங்கு கேட்கும் வலுவான அமைப்பு அங்கே வேரூன்றவில்லை.

இன்றைக்கு

2017 ஜூலையில் அகமதாபாத் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமாயிற்று. இந்தியாவில் இத்தகுதியை முதலில் பெற்ற நகரம் அதுவே. ஆனால் போள் வீடுகள் பல இன்று கிடங்குகளாகிவிட்டன. சில பூட்டிக் கிடக்கின்றன. மர முகப்பைக் காக்க மானியமும், கட்டுமான உரிமையை வேறிடத்துக்கு விற்கும் வசதியும் தரப்படுகின்றன. அவை தேவையே. எனினும் முகப்பு பிழைத்து வாழ்க்கை வெளியேறினால் எஞ்சுவது காட்சிப்பொருள்.

புதிய கலப்புப் பயன்பாட்டு வளாகங்களை மதிப்பிடும்போது எத்தனை லிட்டர் நீர், எத்தனை அலகு மின்சாரம் என்று கேட்கிறோம். இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்க்க வேண்டும் என்று வரலாறு சொல்கிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் தொட்டியைக் கழுவும் செலவு எந்தக் கணக்கில் எழுதப்பட்டுள்ளது? அதனைக் கழுவும் தொழிலாளி அந்த வளாகத்திலோ அருகிலோ வாழ முடியுமா? வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வருபவரிடம் பெயரும் உணவும் கேட்கப்படுகின்றனவா?

நண்பர்கள் வாழும் நகரங்களில் பழைய தெருக்களின் பொதுநிதி, கிணற்றுமுறை, காவல்கூலி பற்றிய கணக்கேடுகளோ முதியோர் நினைவுகளோ இருந்தால் பின்னூட்டத்தில் பகிருங்கள். யாரை உள்ளே விட்டனர், யாரை விடவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.